எத்தனை அடைப்பு?

2025 மார்ச் 6, வியாழக்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடிக்க 5.10. எங்கள் தெருவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குடிநீர், அன்று முறை நாள். 5.35க்கு ஆற்றுத் தண்ணீர் வந்தது. ஆறு குடம் பிடித்து உள்ளே கொண்டுவந்து வைத்தேன். 6.15க்குக் காபி. 7.00 மணிக்கு இட்லி, தக்காளிச் சட்னி. சாப்பிட்டபின் மாத்திரை மூன்று: ஒரு வெள்ளை, ஒரு ரோஸ், மஞ்சளில் பாதி. 7.40க்கு, மருத்துவ விடுப்பின் இருபத்தைந்தாம் நாள் என்று நாட்குறிப்பில் எழுதினேன்.

குடங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கனமானது எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லித்தான் பிப்ரவரி 13 அன்று என்னை வீட்டுக்கு அனுப்பினார். முதல் வாரம் ஆறு குடத்தையும் என் கணவரே பிடித்தார். இரண்டாவது வாரம் நான் இரண்டு பிடித்தேன். மூன்றாவது வாரம் அந்த நேரத்துக்கு அவர் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு ஒன்றுமில்லை. அடைப்பு இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னது வீட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஊறியது. அது ஊற ஊறக் குடங்கள் ஒவ்வொன்றாக என் இடுப்புக்கே திரும்பி வந்தன.

எனக்கு வயது ஐம்பத்தொன்று. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளர். கணவர் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். ஒரே மகள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள்.

நடந்தது இதுதான். பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, சேரன்மகாதேவியில் என்னுடன் வேலை பார்ப்பவரின் மகளுக்கு நிச்சயதார்த்தம். காலை 9.20 இருக்கும். பந்தியில் உட்கார்ந்து இரண்டாவது வடையை இலையோரம் ஒதுக்கும்போது தாடையில் வலி தொடங்கியது. பல்வலி என்று நினைத்தேன். பிறகு முதுகில், இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே, யாரோ முழங்கையை ஊன்றி அழுத்துவதுபோல் இருந்தது. இடது கை விரல் நுனிவரை கனத்தது. நெஞ்சு வலிக்கவில்லை. இதைத்தான் பின்னால் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள் என்பதால் இங்கேயே எழுதி வைக்கிறேன். புடவை முதுகோடு ஒட்டும்படி வேர்த்தது. ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள், அப்புறம் சோடா, அப்புறம் இஞ்சிச் சாறு. 9.50க்கு வாந்தி எடுத்தேன். வாயு வெளியே வந்துவிட்டது, இனி சரியாகிவிடும் என்று பெண்வீட்டுப் பெரியம்மா ஒருவர் எல்லோருக்கும் சொல்லிப் பந்தியைத் தொடரச் செய்தார்.

என் கணவர் மட்டும் தொடரவில்லை. பாதி இலையில் எழுந்து, பக்கத்துத் தெருவில் இருந்த சிறிய ஆஸ்பத்திரிக்கு என்னை ஆட்டோவில் கூட்டிப் போனார். ஞாயிறானாலும் அங்கே ஒரு டாக்டர் இருந்தார். 10.15க்கு ஈசிஜி எடுத்தார். நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை வைக்கச் சொன்னார். ஈசிஜி தாளை மூன்று துண்டாக வெட்டி ஓர் அட்டையில் ஒட்டி, சீட்டெழுதி, பாளையங்கோட்டைக்கு ஆம்புலன்சில் ஏற்றிவிட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது 11.20. அதற்குள் வலி போய்விட்டது. அங்கே எடுத்த ஈசிஜி ஏறக்குறைய ஒழுங்காக இருந்தது. இரத்தப் பரிசோதனை மட்டும் ஒழுங்காக இல்லை. இதயத் தசை அடிபட்டால் இரத்தத்தில் கசியும் ஒரு பொருள் என் இரத்தத்தில் இருந்தது. ஆறு மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தார்கள், கூடியிருந்தது. மறுநாள் மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு ஆஞ்சியோ எடுத்தார்கள். இரத்தக் குழாய் எதிலும் அடைப்பு இல்லை.

அங்கே என்னைப் பார்த்த டாக்டர் என் மகளைவிட ஏழெட்டு வயது மூத்தவளாக இருப்பாள். படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னாள். எனக்கு வந்தது மாரடைப்புதான். அடைப்பு நிலையாக இல்லாமலும் மாரடைப்பு வரும். குழாய் சிறிது நேரம் இறுகிச் சுருங்கிப் பிறகு விரிந்திருக்கலாம். சிறிய இரத்தக் கட்டி வந்து கரைந்திருக்கலாம். இல்லை, தசையிலேயே அழற்சி இருக்கலாம். எது என்று தெரிந்தால்தான் எந்த மருந்து, எத்தனை நாள் என்று முடிவு செய்ய முடியும். அதற்கு மதுரையில் இதயத்துக்கு ஒரு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். சீக்கிரம் எடுத்தால் நல்லது, நாள் போகப் போகத் தழும்பு மட்டும்தான் மிஞ்சும், காரணம் தெரியாது. காரணம் தெரியாவிட்டால் மறுபடி வராது என்று யாராலும் சொல்ல முடியாது. கிளம்பும்போது, "அந்த முதல் ஈசிஜியைப் பத்திரமா வச்சுக்கோங்கம்மா. இங்க வர்றதுக்குள்ள மாறிட்டு. அன்னைக்கு நடந்தது அது ஒண்ணுலதான் இருக்கு," என்றாள்.

அவள் இதைச் சொல்லும்போது என் கணவரும் அங்கேதான் நின்றார். அவர் காதில் விழுந்தது முதல் பாதிகூட இல்லை. வராந்தாவுக்குப் போய் ஊரெல்லாம் போன் செய்தார். அடைப்பே இல்லை, ஒன்றுமே இல்லை என்று அவர் சொல்வது எனக்குக் கட்டிலில் கேட்டது. அன்று மாலையே பிள்ளையார் கோயிலில் பதினொரு தேங்காய் உடைத்தார். அலுவலகத்தில் மூன்று நாள் விடுப்புக்கு, மனைவிக்கு வயிற்றுக் கோளாறு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அதை நான் பின்னால்தான் பார்த்தேன்.

எங்கள் பக்கத்தில் மாரடைப்பு என்றால் அதற்கு ஒரு எண் வேண்டும். வீட்டுக்கு வந்தபின் என்னைப் பார்க்க இருபத்து மூன்று பேர் வந்தார்கள். ஆப்பிளும் ரொட்டியுமாக உள்ளே நுழைந்து, செருப்பைக் கழற்றி, உட்கார்வதற்கு முன்பே பத்தொன்பது பேர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: எத்தனை அடைப்பு? இரண்டு என்றால் உச்சுக் கொட்டலாம். மூன்று என்றால் தெரிந்தவர்களில் நான்கு உள்ளவரைப் பற்றிப் பேசலாம். இல்லை என்றால் அவர்களுக்குப் பேச ஒன்றுமில்லாமல் போய்விடுகிறது. எதிர்வீட்டு அக்கா ஆப்பிள் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப வாயுதானாட்டி?"

"வாயுவுக்கா அக்கா மூணு நாள் ஐசியுல போடுவாங்க?"

"இப்பல்லாம் எதுக்குத்தான் போடல," என்றார். பையைத் தந்துவிட்டுத்தான் போனார், ஆனால் நான் அதை ஏமாற்றி வாங்கியதுபோல் இருந்தது.

இவ்வளவு பேர்மீதும் எனக்கு எரிச்சல்தான். ஆனால் இந்த நாட்குறிப்பில் எரிச்சலுக்கு முதலிடம் எனக்கே தர வேண்டியிருக்கிறது. பிப்ரவரி 25, செவ்வாய்க்கிழமை நான் செய்த காரியம் அப்படி.

டாக்டர் பத்திரமாக வைக்கச் சொன்னாள் அல்லவா. பத்திரம் என்றால் எனக்குத் தெரிந்தது இரண்டு, நகல் எடுப்பது, கோப்பில் போடுவது. எல்லாத் தாளையும் எடுத்துக்கொண்டு காலை 10.30க்குப் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள நகல் கடைக்குப் போனேன். டிஸ்சார்ஜ் சீட்டு, இரத்தப் பரிசோதனை, ஆஞ்சியோ அறிக்கை மூன்றுக்கும் மூன்று மூன்று நகல். ஈசிஜி அட்டையின் முறை வந்தபோது பின்னால் மாணவர்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். தாளின் ஓரம் ஏற்கெனவே அட்டையிலிருந்து எழும்பி நின்றது. வீட்டுக்குப் போவதற்குள் பிய்ந்துவிடும்போல் இருந்தது. இதை லேமினேட் செய்துவிடுங்கள், நகல் அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்றேன்.

இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒவ்வொரு ஜூன் மாதமும் மதிப்பெண் சான்றிதழ் வாங்க வரும் பிள்ளைகளிடம் நான் சொல்லும் முதல் வாக்கியம், லேமினேட் செய்யாதே என்பது. அறிவிப்புப் பலகையில் என் கையெழுத்தில் அது இருக்கிறது. அதை எழுதிய கைதான் அந்த அட்டையை நீட்டியது.

எந்திரத்தின் மறுபக்கம் அது வெளியே வந்தபோது முதலில் எனக்கு விளங்கவில்லை. மூன்று துண்டுகளும் கறுப்பாக இருந்தன. ஓரத்தில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம் என்றில்லை, அடுப்பில் வைத்த தோசைக்கல்லின் அடிபோல முழுக்கக் கறுப்பு. கோடு, கட்டம், மேலே எழுதியிருந்த நேரம் எதுவும் இல்லை. பிளாஸ்டிக் மட்டும் பளபளவென்று சூடாக இருந்தது.

"அக்கா, இது சூடு பட்டாக் கறுக்குற காயிதம்லா. நீங்க சொல்லலயே," என்றார் கடைக்காரர்.

நீங்கள் கேட்கவில்லையே என்றேன். நியாயமான பதில் இல்லை என்று அப்போதே தெரியும். அவர் அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார், அது இன்னும் அவமானமாக இருந்தது. வீட்டுக்கு வந்து அதைக் கோப்பின் கடைசியில், சமையல் எரிவாயுச் சீட்டுகளுக்குப் பின்னால் வைத்தேன். ஒன்பது நாள் யாரிடமும் சொல்லவில்லை. நாட்குறிப்பிலும் அன்றைய பக்கத்தில் 'நகல்கள் எடுத்தாயிற்று' என்றுதான் இருக்கிறது. இத்தனை ஆண்டில் நான் எழுதிய முதல் பொய் அதுவாக இருக்க வேண்டும்.

இனி மார்ச் 6க்கு வருகிறேன்.

மதுரையில் எம்.ஆர்.ஐ.க்கு மறுநாள் வெள்ளிக்கிழமை காலை 11.30க்கு நேரம் கிடைத்திருந்தது. மகள்தான் போனில் பேசி வாங்கித் தந்தாள். கூட ஒருவர் வர வேண்டும் என்பது அவர்களுடைய விதி. பிப்ரவரி 27 அன்றே கணவரிடம் சொல்லியிருந்தேன், சரி என்றிருந்தார். இட்லித் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, நாளைக்கு ஆறு மணிப் பேருந்தில் போகலாமா, ஆறரைக்கா என்று கேட்டேன். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, நாளைக்கு வர முடியாது, துணைமின் நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு, ஒன்பதிலிருந்து இரண்டு வரை ஷட்டவுன் என்றார். அதற்கு வேறு ஆளைப் போடச் சொல்லலாம் என்றேன்.

"அடைப்புதான் இல்லன்னுட்டாங்கள்லா. பொறவு எதுக்கு மதுர, அது இதுன்னு? பைய அடுத்த மாசம் பாக்கலாம்."

அடுத்த மாதம் தழும்புதான் தெரியும் என்று டாக்டர் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன். அவர் கைக்கடிகாரத்தைத் தேடினார். அப்போது நான் கேட்டது நாட்குறிப்பில் அப்படியே இருக்கிறது.

"காத்துல ரெண்டு கம்பி உரசி லைன் ட்ரிப் ஆகுது. நீங்க அங்கன போய்ப் பாக்கும்போது கம்பி எங்கயும் அறுந்திருக்காது. கரண்டே போகலன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

இருபத்தெட்டு ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் கம்பி பார்த்து நடந்த மனிதர். அறுபடாத கம்பியிலும் மின்சாரம் எப்படி நின்றுபோகும் என்று என்னிடமே எத்தனையோ முறை விளக்கியிருக்கிறார். கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார். "அது கம்பிட்டி," என்றார். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

9.05க்கு மதுரையிலிருந்து போன் வந்தது. நாளை வருவது உறுதிதானா என்று கேட்டார்கள். உறுதி என்றேன். எல்லா அறிக்கைகளையும், முக்கியமாக முதன்முதலில் எடுத்த ஈசிஜியையும் கொண்டுவாருங்கள், ஸ்கேனைப் பார்த்து அறிக்கை எழுதும் டாக்டர் அதைத்தான் முதலில் கேட்பார் என்றார்கள். அதற்கும் சரி என்றேன்.

அதன்பின் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று குறிக்கவில்லை. தனியாகப் போய்விடலாமா, கல்லூரியில் யாரையாவது கூப்பிடலாமா என்று யோசித்தேன். முந்தின இரவிலிருந்தே இடது தோளில் ஏதோ லேசாக இருந்தது. வலி என்று சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. இது அதுவாக இருந்தால் யாரிடம் சொல்வேன் என்ற கேள்விதான் உண்மையில் என்னை அப்படி உட்கார வைத்தது. வாயு என்று சொல்லும் வீட்டில் இரண்டாவது தடவை பாதி இலையில் யார் எழுந்து வருவார்கள்?

12.40க்கு அத்தான் வந்தார். என் கணவரின் அண்ணன், வள்ளியூரில் வாழைத்தார் வியாபாரம், வயது அறுபத்து மூன்று. ஆஸ்பத்திரிக்கு வர முடியாமல் போனதற்குப் பதிலாக இப்போது ஒரு சீப்புப் பழத்துடன் வந்திருந்தார். அவருக்கு மூன்று ஸ்டென்ட். ஒவ்வொன்றுக்கும் ஆஸ்பத்திரியில் கொடுத்த சிறிய அட்டையைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்ததும் மூன்றையும் எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். யாரும் கேட்கவில்லை. ரேஷன் கடையில் அட்டையை வைப்பதுபோல் ஓர் இயல்பான பழக்கம் அவருக்கு அது.

1.20க்குக் கணவர் சாப்பிட வந்தார். இருவருக்கும் இலை போட்டேன். அன்று புளிக்குழம்பு, அவரைக்காய்ப் பொரியல், அப்பளம். அத்தானுக்கு உப்புக் குறைத்துத் தனியாக. சாப்பிட்டுக்கொண்டே மதுரைப் பேச்சு வந்தது. தம்பி சொன்னதைக் கேட்டு அத்தான் தலையை ஆட்டினார். எம்.ஆர்.ஐ. எல்லாம் தலைக்கு எடுப்பது, நெஞ்சுக்கு எதற்கு என்றார். தனக்கு மாரடைப்பு வந்தபோது நெஞ்சில் யானை கால் வைத்ததுபோல் இருந்ததாகவும், தாடையில் வருவதற்குப் பல் டாக்டர்தான் பார்க்க வேண்டும் என்றும் சொல்லிச் சிரித்தார். பிறகு கையைக் கழுவித் துண்டில் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்.

"ஏம்மா, அந்த மொத ஈசிஜிய எடு. ஆயிரம் ஈசிஜி பாத்தவன் நான். வாயுவா, அட்டாக்கான்னு பாத்த உடனே சொல்லிருதேன். மதுரைக்குப் போற அலைச்சல் மிச்சம்."

இனி மறைக்க முடியாது. உள்ளே போய்க் கோப்பை எடுத்து, எரிவாயுச் சீட்டுகளுக்குப் பின்னாலிருந்து அதை உருவிக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தேன். நடந்ததை நின்றபடியே நான்கு வாக்கியத்தில் சொன்னேன். பத்திரமாக வைக்கச் சொன்னார்கள், லேமினேட் செய்யக் கொடுத்தேன், கறுத்துவிட்டது, நகல் இல்லை.

அத்தான் அந்த அட்டையை முன்னும் பின்னும் திருப்பினார். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். பிறகு சிரிக்கத் தொடங்கி, இருமல் வந்து, தண்ணீர் கேட்டு, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி சிரித்தார்.

"ஏலே, இல்லாத நோய்க்கு ஒம் பொண்டாட்டி இல்லாத காயிதம் வச்சிருக்காலே. ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சுதான் கறுப்பாக்கிட்டாளோ என்னவோ."

இருபத்திரண்டு ஆண்டு ஆயிரக்கணக்கான சான்றிதழ்களைக் கையில் வைத்திருந்தவள் நான். ஒன்றில் ஓர் எழுத்துகூட என்னால் கெட்டதில்லை. பதில் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அதற்குள் கணவர் அந்த அட்டையை அண்ணன் கையிலிருந்து வாங்கிவிட்டார். வாங்கியவர் அதைப் பார்க்கவில்லை, இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, சும்மா இருங்க. இதுல இருந்தத நான் பாத்தேம்லா."

நீ என்ன டாக்டரா என்று அத்தான் கேட்டார்.

"நான் டாக்டர் இல்ல. அந்த டாக்டரப் பாத்தேன். இது மிசினிலேர்ந்து வர வர அவர் மொகத்தப் பாத்தேன். என்னை வெளிய கூட்டிட்டுப் போனாரு. கூட வேற யாரும் வந்திருக்காங்களா, இல்லன்னா சொந்தக்காரங்களுக்குச் சொல்லிருங்கன்னாரு. வழியிலயே என்ன வேணும்னாலும் ஆகலாம்னாரு." மூச்சு விட்டுக்கொண்டார். "நான் ஒருத்தருக்கும் சொல்லல."

எனக்கு இது தெரியாது. ஆம்புலன்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, வெளியே பார், அறுவடை எந்திரம் போகிறது என்று காட்டிக்கொண்டு வந்த மனிதர் இவர். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். என் குரல் நான் நினைத்ததைவிட உயர்ந்துவிட்டது.

"அடைப்பு இல்லன்னு சொன்னாங்கள்லா. அதோட அது போயிட்டுன்னு வச்சுக்கிட்டேன். மறுபடி அத நெனைக்காண்டாம்னுதான்."

அவர் நினைக்க வேண்டாம் என்று ஒதுக்கி வைத்ததற்காக நான் இருபத்தைந்து நாள் வாயுக்காரியாக இருந்திருக்கிறேன். இருபத்து மூன்று பேருக்கு விளக்கம் சொல்லியிருக்கிறேன். குடம் தூக்கியிருக்கிறேன். மனது இளகியிருக்க வேண்டிய இடம் இது என்று படிப்பவர்கள் நினைக்கலாம். எனக்கு வந்தது கோபம்தான். சாப்பிட்ட இலைகளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டேன். அங்கே நின்றபடி, நேற்று இரவிலிருந்து தோளில் லேசாக ஏதோ இருக்கிறது என்று சத்தமாகச் சொன்னேன். யாரிடம் சொல்கிறேன் என்றுகூடப் பார்க்கவில்லை.

கணவர் உடனே வந்தார். எப்போதிலிருந்து, எந்தப் பக்கம், வேர்க்கிறதா, தாடை வலிக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். லைன் பழுதுக்குப் போன் செய்பவர்களிடம் கேட்கும் அதே குரல். பிறகு என் டாக்டருக்குப் போன் செய்து அவரே பேசினார். குடம் தூக்கியதையும் அவரே சொன்னார். அவள் என்னிடமும் பேசினாள். கையை உயர்த்தினால் கூடுகிறதா என்று பார்க்கச் சொன்னாள், கூடியது. தசைப்பிடிப்பாகத்தான் தெரிகிறது, ஓய்வாகப் படுங்கள், தாடையோ வியர்வையோ வந்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் இங்கே வாருங்கள், நாளை மதுரையைத் தள்ளிப்போடாதீர்கள் என்றாள்.

2.40க்குக் கணவர் கறுத்த அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியில் சேரன்மகாதேவிக்குக் கிளம்பினார். அண்ணனிடம், நான் வரும்வரை இவளைப் பார்த்துக்கொள்ளுங்கள், எழுந்து வேலை செய்ய விடாதீர்கள் என்று சொன்னார். அத்தானும் நானும் மூன்று மணி நேரம் ஒரே அறையில் இருந்தோம். அவர் அட்டைகளைத் திரும்பச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஒருமுறை, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

5.50க்குக் கணவர் திரும்பி வந்தார். தலையிலும் சட்டையிலும் வைக்கோல் தூசி. பிசான அறுவடை நேரம், சாலையெல்லாம் நெல் பரப்பியிருக்கிறார்கள், வண்டி ஊர்ந்துதான் வந்தது என்றார். அந்த டாக்டர் மாலை நாலரைக்குத்தான் வந்தாராம். கறுத்த அட்டையைப் பார்த்ததும், இதுபோல் மாதத்துக்கு ஒன்று பார்க்கிறேன் என்றாராம். நோயாளியை அனுப்பும் முன் ஈசிஜியைப் போனில் படம் எடுத்து வைப்பது அவர் வழக்கம். படம் அவருடைய போனிலேயே இருந்தது. அதை வாங்கி, பக்கத்துக் கடையில் கணவர் மூன்று நகல் எடுத்திருந்தார். சாதாரண வெள்ளைத் தாள். ஒரு மூலையில் டாக்டரின் கட்டைவிரல் விழுந்திருந்தது. மேலே 10.15 என்ற நேரம் தெளிவாக இருந்தது.

அதை முதன்முதலாக நிதானமாகப் பார்த்தேன். அன்று நான் படுத்திருந்தேன், அப்புறம் உறைக்குள் மடிந்திருந்தது, அப்புறம் கறுத்துவிட்டது. எனக்கு ஈசிஜி படிக்கத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு துடிப்பிலும் கோடு ஏறி இறங்கவேண்டிய இடத்துக்கு இறங்காமல், மேலேயே வளைந்து நிற்பதை யாரும் பார்க்கலாம். ஒரு வரியில் மட்டுமல்ல, மூன்று வரியில்.

அத்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை வாங்கினார். வெகுநேரம் பார்த்தார்.

"எனக்கு வந்த மாதிரில்லா இருக்கு," என்றார் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. பிறகு, பழக்கம் விடவில்லை போல, கேட்டார்: "அப்ப ஒனக்கு எத்தனம்மா?"

"ஒண்ணும் இல்ல, அத்தான்."

"ஒண்ணும் இல்லாமலா இப்படி நிக்கி?" என்று தாளைத் தட்டிக் காட்டினார். ஏதோ நான்தான் இத்தனை நாளாக அவரிடம் மறைத்ததுபோல. அதைத்தான் மதுரையில் பார்க்கப் போகிறோம் என்றேன். சலிப்பில் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன். அவர் 6.30 பேருந்துக்குக் கிளம்பினார். போகும்போது தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். என்னவென்று நான் கேட்கவில்லை.

எட்டு மணிக்கு இரவு மாத்திரை இரண்டு. ஈசிஜி நகல்களை மூன்று தனித்தனி உறையில் போட்டேன், ஒன்று பையில், ஒன்று கோப்பில், ஒன்று கல்லூரி மேசைக்கு. பிப்ரவரி 25ஆம் தேதிப் பக்கத்தை எடுத்து, 'நகல்கள் எடுத்தாயிற்று' என்பதை ஒரு கோடு போட்டு அடித்து, நடந்ததை எழுதினேன். கணவர் நாளைய ஷட்டவுனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வருவதானால் வரட்டும், இல்லாவிட்டால் தனியாகப் போய் வாசலில் நின்று யாரையாவது கூட வரச் சொல்லலாம் என்ற அளவுக்கு அலுத்துப்போயிருந்தது. 9.15க்குப் படுத்தேன்.

மார்ச் 7, வெள்ளிக்கிழமை. 4.50க்கு நான் எழுந்து வரும்போது கணவர் குளித்து, வெளியூர்ச் சட்டை போட்டு, முன்னறையில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் அவருடைய உதவிப் பொறியாளர், தூக்கத்திலிருந்து எழுந்த குரல்.

"சார், இன்னைக்கு ஷட்டவுனுக்கு நான் வரல. வேற ஆளப் போடுங்க. மதுரைக்குப் போறேன். வீட்ல மாரடைப்பு சார்."

பொறியாளர் பதறிப்போனார். ராத்திரியா, எந்த ஆஸ்பத்திரி, வண்டி ஏதும் அனுப்பவா, கூட யார் இருக்கிறார்கள் என்று அடுக்கிக் கேட்டார். என் கணவர் என்னைப் பார்த்தார்.

"இல்ல சார்," என்றார். "போன மாசம் ஒம்பதாந் தேதி."